டி டிரைவில் இருக்கிறது, பயப்படாதே

எங்கள் சொந்தத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒரு பெயர். விண்டோஸ் 98 காலத்தில் சித்தப்பா வீட்டில் பிரிண்டர் ஓடாமல் நின்றது. நான் போய் அதன் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். ஓடிவிட்டது. நான் செய்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர், "மாப்ளே, வீட்ல கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு, புதுசு வாங்கிடலாமா?" என்று ஆரம்பிப்பார். நானும் ரசத்துக்குக் கையை நிறுத்திவிட்டு, "ரேம் எவ்வளவு இருக்கு?" என்பேன். இந்த ஒரு கேள்வி போதும், ஊர் நம்பிவிடும். கேட்டுக் கேட்டு நானே நம்பிவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2014-ல் வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாகப் பேரம் பேசிச் சேர்த்த அசெம்பிள்டு. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அண்ணா சாலையிலிருந்து அந்தச் சந்துக்குள் திரும்பிய உடனே "என்ன சார் வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா, சார்ஜரா" என்று ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைக் கண்டுகொள்ளாமல் நடந்துபோய் வேண்டியதை மட்டும் வாங்கத் தெரிந்தவன் என்பதில் எனக்கு அப்போது ஏகப்பட்ட பெருமை.

வாங்கியவன் நான், உட்கார்ந்து வேலை செய்தவள் என் மனைவி. குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். தெருவில் அவளுக்குப் பெயரே கிடையாது, 'டீச்சர்'தான். ஒவ்வொரு பாடத்துக்கும் அவளே கேள்வித்தாள் தயாரிப்பாள். பொதுத்தேர்வு அமைப்பிலேயே இருக்கும்: ஒரு மதிப்பெண் வினா பதினான்கு, அப்புறம் இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வடிவியலும் ஒரு வரைபடமும். 2019-ல் பத்தாம் வகுப்புப் பாடநூல் மாறியபோது பழையதையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அதில் ஒரு ஃபோல்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு அவள் வைத்த பெயர் 'தப்பு'. பிள்ளைகள் விடைத்தாளில் எந்தக் கணக்கை எப்படித் தப்பாகப் போட்டார்கள் என்று குறித்து வைப்பாள். கூம்பின் ஆரம் 7, உயரம் 24 என்றால் கன அளவு 1232. உயரத்துக்குப் பதில் சாயுயரம் 25-ஐப் போட்டால் 1283 சொச்சம் வரும். இந்த 1283-ஐ எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்பது அவளிடம் இருக்கும். அடுத்த முறை ஒரு மதிப்பெண் வினாவில் நான்கு விடைகளில் ஒன்றாக அதையே வைப்பாள். "தப்பான விடையை நாமளா யோசிச்சு வச்சா எவனும் விழ மாட்டான். அவங்க தப்பையே அவங்க முன்னாடி வச்சாத்தான் நின்னு பார்ப்பாங்க" என்பாள். எனக்கு அப்போது இதெல்லாம் காதில் விழும், மனதில் நிற்காது.

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் முதல் ஒரு வருடம் இலவசமாகத் தந்தது. 2016 ஜூலை 29 கடைசி நாள். இலவசம் என்றால் விடுவோமா? கடைசி வாரத்தில் ஏற்றினேன். மந்தம் அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. விண்டோஸ் 10 பின்னணியில் சும்மா இருக்காது. அப்டேட் தேடும், கோப்புகளைப் பட்டியல் போடும், வைரஸ் இருக்கிறதா என்று துழாவும். அத்தனையும் ஹார்ட் டிஸ்க்கின் தலையில்தான் விடியும். பழகிக்கொண்டோம். 2023-ல் நிலைமை எப்படியிருந்தது என்றால், "சுவிட்சைப் போட்டுட்டுக் குக்கரை ஏத்துறேன். சாதம் இறக்கி வச்சுட்டு வந்தா அப்பத்தான் வேர்டு திறக்குது" என்று அவள் சொல்லும்படி இருந்தது.

வைத்தியத்தில் இறங்கினேன். தேவையில்லாத மென்பொருள்களை நீக்கினேன். டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்தேன். ஒன்றும் அசையவில்லை. சரி, ரேம்தான். பந்தியில் ஊருக்கெல்லாம் சொன்ன மருந்தை வீட்டுக்குக் கொடுக்காமல் இருந்துவிட்டோமே என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போக எழும்பூருக்கு மின்சார ரயில் ஏறினேன். டிடிஆர்3 ரேம் அந்நேரம் பெரும்பாலும் பழையதுதான் கிடைத்தது. கடைக்காரர் ஒரு டப்பாவிலிருந்து பொறுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கேபினட்டைத் திறந்து, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று மாட்டும்வரை அழுத்தினேன். திரையில் 8 ஜிபி என்று காட்டியது. அதைப் படமெடுத்து குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். நான்கைந்து கட்டைவிரல்கள் வந்தன.

"கொஞ்சம் வேகமாத்தான் இருக்குல்ல?" என்று அவளிடம் கேட்டேன்.

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

அந்த ரேமை வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பது. வேடிக்கை என்னவென்றால், நான் அதைப் பார்க்காதவனில்லை. பலமுறை திறந்திருக்கிறேன். பிராசஸர் பத்து சதவீதத்துக்குள் இருக்கும். நினைவகம் பாதிக்குமேல் கொஞ்சம். டிஸ்க் மட்டும் 100 சதவீதம், சிவந்த கட்டத்தில். பாவம், முழு மூச்சாக உழைக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மற்ற எல்லாம் கைகட்டி அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கின்றன என்று அந்தத் திரை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. என் மனதிலோ ரேம் என்ற விடை முன்பே இருந்தது.

ரேமும் கைகொடுக்கவில்லை என்றதும் தீர்ப்பு எழுதிவிட்டேன்: பழசாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஒன்பது வருட மெஷின், இனி அதற்குச் செலவு செய்வது வீண் என்று மனைவியிடம் விளக்கினேன். விளக்கியதில் ஓர் இன்பம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அதைவிடப் பெரிய இன்பம் அதற்கப்புறம் வந்தது. புதுசு எது என்று தேடுவது.

எக்செலில் ஒரு பட்டியல் ஆரம்பித்தேன். ஒரு வரிசையில் இன்டெல், ஒரு வரிசையில் ரைசன். எத்தனை கோர், எத்தனை ஜிபி, விலை, ஜிஎஸ்டி, வாரன்டி. ராத்திரி சாப்பிட்டுவிட்டு யூடியூபில் விமர்சனங்கள் பார்ப்பேன். வேர்டில் கேள்வித்தாள் அடிக்கிற வேலைக்கு, விளையாட்டில் விநாடிக்கு எத்தனை சட்டகம் வருகிறது என்பதைக் குறித்து வைத்தேன். 'நாளைக்குத் தேவைப்படலாம்.' பட்ஜெட் முப்பதாயிரத்தில் தொடங்கி நாற்பத்தைந்தைத் தாண்டியது. ஆடித் தள்ளுபடி போய்விட்டது, தீபாவளிக்கு இன்னும் குறையும் என்று கணக்குப் போட்டேன். எதையும் வாங்காமலே வாங்கிக்கொண்டிருக்கிற சுகம் தனி. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சுகத்துக்கு நடுவில்தான் அவள் ஒருநாள் சொன்னாள்.

"ஏங்க, உள்ளேயிருந்து டக் டக்னு ஒரு சத்தம் வருது."

"ஃபேன்ல தூசி அடைஞ்சிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கேபினட்டைப் பால்கனிக்குத் தூக்கிப்போய், ஊதி, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தேன். நிஜமாகவே நிறையத் தூசி வந்தது. அதனால் என் நம்பிக்கை இன்னும் கூடியது. அடுத்த வாரம் மறுபடியும் சொன்னாள்.

"சத்தம் போகலைங்க."

"ஃபேனே தேய்ஞ்சிருக்கும். இதை மாத்தத்தானே போறோம், விடு."

"ஃபேன் சத்தம் எனக்குத் தெரியாதா? இது வேற."

நான் பட்டியலில் ஒரு மானிட்டரைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கும் எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சுக்கலாமா?"

"எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, பயப்படாதே."

இந்த டி டிரைவ் சமாச்சாரத்தை விளக்கியாக வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு மதம். அந்தக் காலத்தில் வைரஸ் வந்தால், விண்டோஸ் கெட்டால், மெக்கானிக் வருவார், ஃபார்மட் அடிப்பார். சி டிரைவில் இருந்தது அத்தனையும் போகும். டி-யில் இருந்தது பிழைக்கும். முதல் முறை கல்யாண ஃபோட்டோக்களை சி-யில் வைத்துப் பறிகொடுத்தவன், இரண்டாம் முறை டி-யில் வைத்துக் காப்பாற்றிக்கொள்வான். அந்த அனுபவம் ஆணியடித்த மாதிரி இறங்கிவிடும். அவள் கோப்புகளை டி-யில் 'பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு நானே பிரதியெடுத்து வைத்திருந்தேன். மூலமும் டி-யில்தான், பிரதியும் டி-யில்தான். சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கோடு கிழித்துப் பிரித்த இரண்டு பாகங்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் இரண்டு டிஸ்க்காகவே மனம் நம்பியது.

தீபாவளிக்கு முந்தைய வாரம். தள்ளுபடி விலை எந்நேரமும் வரலாம். அதுவரை இவள் புலம்பாமல் இருக்க ஏதாவது செய்யலாமே என்று எனக்கொரு நல்லெண்ணம் தோன்றியது. டிஃப்ராக்மென்ட். விண்டோஸ் 98-ல் டிஃப்ராக் ஓடவிட்டு, வண்ணக் கட்டங்கள் இடம் மாறி அடுக்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை அடுத்தடுத்து கொண்டுவந்து வைத்தால் வேகம் கூடும் என்பது அந்தக் கால வேதம். விஸ்டாவிலிருந்தே விண்டோஸ் அதைத் தானாகவே அட்டவணை போட்டுச் செய்துகொள்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. படுக்கப் போகும்முன் ஓடவிட்டேன். கூடத்து விளக்கை அணைக்கும்போது அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. டக், டக், ஒரு சிறு இடைவெளி, மறுபடி டக். நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

காலையில் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்'. ஆங்கிலத்தில் எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றுதான். எதிலிருந்து கிளம்புவது என்று மெஷினுக்குத் தெரியவில்லை. கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். சித்தப்பா வீட்டு வித்தை. பலிக்கவில்லை.

மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு சர்வீஸ் கடை. வைத்திருப்பவர் சின்ன வயசுப் பையன். கேபினட்டை நான் தூக்கிக்கொள்ள, அவளும் கூட வந்தாள். போகிற வழியெல்லாம் அவனிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஐ3, நான்காம் தலைமுறை, ரேம் 8 ஜிபி, நானே போட்டது.

அவன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டான். மரியாதையாகத் தலையாட்டினான். பிறகு மூடியைத் திறந்து, மின்சாரம் கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். என்னைப் பார்க்கவில்லை. அவள் பக்கம் திரும்பினான்.

"டீச்சர், இதுல நீங்கதானே உக்காருவீங்க? முன்னாடி சத்தம் ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"எப்பலேர்ந்து?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம். முதல்ல சேவ் பண்றப்ப மட்டும் வரும். அப்புறம் பழசைத் திறக்கறப்பவும் வர ஆரம்பிச்சுது."

"எல்லாக் கோப்புலயுமா?"

"இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஃபோல்டர் நல்லாத்தான் திறக்கும். பத்தாம் வகுப்புல அளவியல், அதுக்கு அடுத்த பாடம், அப்புறம் 'தப்பு'ன்னு ஒண்ணு வச்சிருக்கேன். அதுல போனா அப்படியே தொங்கும். டக் டக்னு அடிச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் திறக்கும். புரட்டாசி கடைசியில ஒரு கோப்பு திறக்கவே இல்லை. நாமதான் சரியா சேவ் பண்ணலையோன்னு நினைச்சுட்டேன்."

கடையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஆதார் அட்டைக்கு இரண்டு பக்கமும் நகல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கடைக்காரப் பையனின் முகம் மட்டும் தெரிந்தது. ஒரு டாக்டரிடம் நோயாளியே நோயை வரிசையாகச் சொல்லி முடித்ததுபோல அவன் தலையாட்டினான். எந்த நாள், எந்தப் பாடம், எந்தச் சத்தம், அதற்குப் பின் எவ்வளவு நேரம். இத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆடியிலிருந்து ஐப்பசிவரை இத்தனையும் என் வீட்டில், நான் உட்கார்ந்திருந்த சோஃபாவுக்கு எதிரில், அவள் மனதில் இருந்திருக்கிறது. நான் ஒருநாளும் 'எங்கே தொங்குது, எப்போ தொங்குது' என்று கேட்கவில்லை. அவள் சொன்னது என் காதில் 'புதுசு வாங்குங்க' என்று மட்டும்தான் விழுந்தது. அதற்கு என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது.

"அப்பவே கொண்டாந்திருந்தா முழுசா எடுத்திருக்கலாம் டீச்சர்" என்றான். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"நேத்து ராத்திரி ஏதாவது பண்ணீங்களா சார்?"

"டிஃப்ராக் போட்டேன்."

"ஓ" என்றான். கொஞ்சம் கழித்து, எனக்காகத்தான் இருக்கும், "எப்படியும் போயிருக்கும் சார். ராத்திரி கொஞ்சம் சீக்கிரம் போயிடுச்சு" என்றான்.

பிறகு அவன் விளக்கியதும் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்து இவ்வளவு: அந்த ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும். தகவலைப் படிக்கும் முனை சரியான தடத்துக்குப் போய், தேவையான இடம் சுழன்று அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் துண்டுகளை அது விநாடிக்கு நூறுகூடப் படிக்காது. நல்ல டிஸ்க்குக்கே அவ்வளவுதான். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, அது விநாடிக்குப் பல்லாயிரம் படிக்கும். அப்படியானால் பத்து வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டரில் மந்தம் என்றால் முதல் சந்தேகம் எங்கே போக வேண்டும்? நான் பந்தி பந்தியாகக் கேட்ட கேள்வியில் டிஸ்க் என்ற சொல்லே வந்ததில்லை.

இன்னொன்று, இதுதான் கனமானது. தட்டில் ஓரிடம் பழுதாகும்போது டிஸ்க் உடனே கைவிடுவதில்லை. படிக்க முடியாத இடத்தை மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். சமயத்தில் ஒரே இடத்துக்காகச் சில விநாடிகள் போராடும். எங்கள் டிஸ்க் எழுப்பியது அந்தச் சத்தம். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அது 'ஸ்லோ'. இயன்றால் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, தனியே வைத்திருக்கும் உதிரி இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். எத்தனை இடம் இப்படிப் போயிற்று என்பதை அதுவே குறித்தும் வைக்கும். அந்தக் குறிப்பை ஸ்மார்ட் என்பார்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதைத் திறந்தால் நீலமா, மஞ்சளா, சிவப்பா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவ்வளவு சுலபம். எங்கள் டிஸ்க் சாவதற்கு முன்னால் எல்லா வழியிலும் சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்த நிலையில் இருந்த டிஸ்க்கைத்தான், ராத்திரி முழுக்க ஒவ்வொரு கோப்பையும் எடுத்து வேறிடத்தில் வை என்று நான் விரட்டினேன்.

மீட்பதற்கு அவன் தன்னாலானதைச் செய்தான். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்கியூ என்ற கருவியைப் போட்டான். அது நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில் வரும். பெரும்பகுதி வந்தது, பழுதான இடத்துக்கு வந்ததும் டிஸ்க் அடியோடு நின்றுவிட்டது. வந்ததிலும் பாதிக்குமேல் பெயர் போய் வெறும் எண்கள். 'தப்பு' ஃபோல்டரில் எதுவும் மிஞ்சவில்லை. தூசி இல்லாத அறையில் டிஸ்க்கைப் பிரித்து, அதே மாடலிலிருந்து முனையை எடுத்துப் பொருத்தி மீட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். விசாரித்தோம். ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்கள், உத்தரவாதம் கிடையாது. நான் கொடுத்துவிடலாம் என்றேன். புதுக் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த பணம் இருக்கிறதே. "வேண்டாம்" என்றாள் அவள். ஏன் என்று கேட்டதற்கு, "அரையாண்டுத் தேர்வு வருது, எனக்கு உக்கார நேரமில்லை" என்றாள். அந்த வருடம் கேள்வித்தாள்களைக் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தாள். ராத்திரிகளில் எண் பெயர் போட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, பெயர் மாற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் போட்டுக் கொடுத்தேன். வேறெதுவும் செய்ய அவள் விடவில்லை.

முழுசாக, ஒரு கட்டம்கூடக் கெடாமல், பெயரோடு திரும்பி வந்தது ஒரு கோப்பு. என் எக்செல் பட்டியல்.

அதே பழைய மெஷினில் 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான் அந்தத் தம்பி. மூவாயிரத்துக்குள் முடிந்தது. சுவிட்சைப் போட்டு நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரை தயாராக இருந்தது. அதே ஐ3, அதே போர்டு. நான் செத்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்ட மெஷின். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. "நல்லாருக்கே" என்றாள் அவள், அவ்வளவுதான். நாற்பத்தைந்தாயிரம் மிச்சம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் எப்போதும் பழசையே சரி செய்துகொள்ள வேண்டும், புதுசு வாங்குவது ஏமாளித்தனம்' என்று என் மச்சினன் ஒரு முடிவுக்கு வந்தான். அதுவும் என்னுடைய ரேம் கேள்வி மாதிரிதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை, ஓரிரண்டு விதிவிலக்கு தவிர, ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். எங்கள் நான்காம் தலைமுறைக்கு எவ்வளவு ரேம் போட்டாலும் எந்த எஸ்எஸ்டி போட்டாலும் அது கிடைக்காது. பிராசஸரை மாற்றலாம் என்றால் போர்டை மாற்ற வேண்டும். போர்டை மாற்றினால் டிடிஆர்3 ரேம் அதில் பொருந்தாது. கடைசியில் மிஞ்சுவது தகர டப்பாவும் மானிட்டரும் எஸ்எஸ்டியும். அதற்குப் பெயர் சரி செய்வதில்லை. இந்த முறை மாற்றுவதுதான் சரி.

நான் அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவளே கடைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் கேட்ட கேள்விகள் என்னவென்று பிறகு தம்பி சொன்னான். "வேர்டு ஓடுமா, என் பழைய வானவில் எழுத்துரு ஓடுமா, நடு வருஷத்தில் மாத்தாம தள்ளிப் போட வழி இருக்கா?" இவ்வளவுதான். கோர் எத்தனை என்று கேட்கவில்லையாம். பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டாள். பொதுத்தேர்வு முடியட்டும், கோடை விடுமுறையில் அலுவலகங்கள் கழித்த எட்டாம் தலைமுறை மெஷின் ஒன்று பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்பது அவள் முடிவு. என் பட்டியலை எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்க எனக்கு ஆசை இருந்தது.

'தப்பு' ஃபோல்டரை மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். இப்போது யூனிகோடில். இதுவரை ஒரு வருடப் பிள்ளைகளின் தப்புகள் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. 1283 சேர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடங்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரியிலும் வேலையிலும் இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்து எந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டாய் என்று கேட்க முடியாது.

வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினாள். எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதி எடுத்து, நம் வீட்டில் வைக்கக் கூடாது என்று தாம்பரத்தில் அவள் தங்கை வீட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வந்து, புதிதாகச் சேர்ந்ததைப் பதிந்து, அன்று சாயங்காலமே கொண்டுபோய் வைப்பது என் பொறுப்பு. போகும்போது பென்டிரைவை மறந்துவிட வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறாள், அதிலும் ஒரு பிரதி இருக்கிறது.